தகரத்தில் விழும் பூ: அறுகோண உலோகங்களும் ஒலியின் திசையும்

திருமங்கலத்தில் உசிலம்பட்டி சாலைப் பக்கம் ஓர் இரும்புக் கடை. பழைய ஜி.ஐ. தகடு ஒன்றை வெயிலுக்கு நேரே சாய்த்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "என்னண்ணே, கொட்டகைக்கா, இல்ல சும்மா பாக்குறீங்களா?" என்றார். தகட்டில் இருக்கும் பூவைப் பார்க்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பழைய ஷீட்டுல பூ பெருசு பெருசா விழுந்திருக்கும்ணே. இப்ப வர்றதுல பூவே இல்ல, வழவழன்னு இருக்கு. சனங்க பூ இருந்தாத்தான் நல்ல ஷீட்டுன்னு கேக்குது" என்றார்.

அந்தப் பூ துத்தநாகத்தின் படிகம். இரும்புத் தகட்டை, ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். ஒட்டிய படலம் ஆறும்போது அங்கங்கே ஒரு புள்ளியிலிருந்து படிகம் கிளைத்துப் பரவி, பக்கத்துப் படிகத்தோடு முட்டி நின்றுவிடுகிறது. ஒரு பூ என்பது ஒரு படிகம். உற்றுப் பார்த்தால் சில பூக்களில் ஆறு கைகள் தெரியும். உருகலில் கொஞ்சம் ஈயம் இருந்தால் பூ பெரிதாக விரியும். ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியபின் பூவும் சிறுத்து, கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. தகட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது பூச்சின் கனம்தான், பூ அல்ல. இருந்தாலும் வாங்க வருபவர் பூவைத்தான் கேட்பார்.

உலோகமும் உப்பைப் போல, கற்கண்டைப் போலப் படிகம்தான் என்பதை நுண்ணோக்கி இல்லாமல் காட்ட இதைவிட நல்ல பொருள் நம் ஊரில் இல்லை. அந்த ஆறு கைகள் இன்னொன்றையும் சொல்கின்றன. இரும்பு, செம்பு, அலுமினியம், வெள்ளி, தங்கம் எல்லாம் அணுக்களைக் கனசதுர ஒழுங்கில் வைத்திருப்பவை. துத்தநாகம், மக்னீசியம், டைட்டானியம், சிர்கோனியம், கோபால்ட், காட்மியம், பெரிலியம் ஆகியவற்றின் ஒழுங்கு அறுகோணம். கனசதுரத்தில் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று சமம். அறுகோணத் தூணில் அப்படியில்லை. அதற்கு ஒரு தரை உண்டு, தரைக்குச் செங்குத்தாக ஓர் உயரம் உண்டு, இரண்டின் குணமும் வேறு. ஆகவே இந்த உலோகங்களிடம் "நீ எவ்வளவு விறைப்பு?" என்று கேட்டால் அது பாதிக் கேள்வி. "எந்தத் திசையில்?" என்பது மீதிப் பாதி. உலோகத்தை வெட்டாமல், உருக்காமல் அந்த இரண்டாம் பாதியைக் கேட்கக் கிடைத்த நல்ல வழிகளில் ஒன்று, காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியான மீயொலி.

பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புரிந்துவிடும். முதல் அடுக்கில் ஒவ்வொரு பழத்தையும் சுற்றி ஆறு பழங்கள். இரண்டாம் அடுக்கின் பழங்கள் முதல் அடுக்கின் பள்ளங்களில் உட்காரும். மூன்றாம் அடுக்குக்கு இரண்டு வழி. முதல் அடுக்குக்கு நேர் மேலே வந்தால் அறுகோணம். இன்னும் நிரம்பாத பள்ளங்களுக்கு மேலே வந்தால் கனசதுரம். பழங்கள் உருண்டையாக, ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால், அறுகோண அடுக்கில் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் 1.633 என்று கணக்கு சொல்கிறது. உயரம் என்பது முதல் அடுக்கிலிருந்து அதற்கு நேர் மேலே வரும் மூன்றாம் அடுக்குக்குள்ள தூரம். அகலம் என்பது பக்கத்துப் பழத்துக்குள்ள தூரம். மக்னீசியம் இந்தக் கணக்கை ஏறக்குறைய மதிக்கிறது: 1.624. டைட்டானியம் 1.587, சிர்கோனியம் 1.593, பெரிலியம் 1.568 என்று மூன்றும் மேலிருந்து சற்று அமுங்கியவை. துத்தநாகமோ 1.856, காட்மியம் 1.886. இவை இரண்டிலும் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன. இந்த ஓர் எண்ணுக்குள் பாதிக் கதை அடங்கியிருக்கிறது.

மீதிக் கதை ஐந்து எண்களில். ஒரு பொருளை அமுக்கினாலோ முறுக்கினாலோ அது எப்படி எதிர்த்து நிற்கும் என்பதைச் சொல்பவை மீட்சி மாறிலிகள். எந்தச் சமச்சீரும் இல்லாத படிகத்துக்கு இவை 21 வேண்டும். கனசதுரத்துக்கு மூன்று போதும். கண்ணாடி போல எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்கும் பொருளுக்கு இரண்டு. அறுகோணத்துக்கு ஐந்து: தரைவாக்கில் அமுக்கினால் வரும் எதிர்ப்பு, உயரவாக்கில் அமுக்கினால் வரும் எதிர்ப்பு, தரைக்குள் ஒரு பக்க அமுக்கம் மறுபக்கத்தை எவ்வளவு நெருக்குகிறது, தரையும் உயரமும் ஒன்றையொன்று எவ்வளவு நெருக்குகின்றன, அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று சறுக்கினால் வரும் எதிர்ப்பு.

(இந்த 21 என்ற எண்ணையே ஒருவர் கேள்வி கேட்டார். திருச்சிக்குப் பக்கத்தில் பிறந்த சி. வி. ராமன், 1955-ல் கே. எஸ். விசுவநாதனோடு சேர்ந்து, பொதுப் படிகத்துக்கு 45 மாறிலிகள் வேண்டும் என்று வாதிட்டார். உலகம் அதை ஏற்கவில்லை. ராமன் பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம் எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை.)

துத்தநாகத்தை எடுத்துக்கொள்வோம். தரைவாக்கு மாறிலி ஏறத்தாழ 163 கிகா பாஸ்கல், உயரவாக்கு மாறிலி ஏறத்தாழ 63. ஒலியின் வேகம் இந்த மாறிலியை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். கணக்குப் போட்டால் நெட்டலை (ஓடும் திசையிலேயே அதிரும் ஒலி) தரைவாக்கில் நொடிக்கு ஏறத்தாழ 4,800 மீட்டர் ஓடுகிறது, உயரவாக்கில் ஏறத்தாழ 3,000 மீட்டர்தான் ஓடுகிறது. ஒரு சென்டிமீட்டர் துத்தநாகப் படிகத்தை ஒலி கடக்க ஒரு பக்கம் 2.1 மைக்ரோ நொடி, இன்னொரு பக்கம் 3.4 மைக்ரோ நொடி. அதே கட்டி, அதே அணுக்கள். பிடித்து இழுத்தால் வேற்றுமை இன்னும் பெரிது. இழுப்புக்கான எதிர்ப்பைச் சொல்லும் யங் குணகம் உயரவாக்கில் ஏறத்தாழ 35 கிகா பாஸ்கல், தரைவாக்கில் ஏறத்தாழ 120. புத்தகத்தின் பின்பக்க அட்டவணையில் துத்தநாகத்துக்கு ஒரே ஒரு யங் குணகம் போட்டிருப்பார்கள். அது திசை கலைந்து கிடக்கும் கோடிக்கணக்கான படிகங்களின் சராசரி. ஒரு தனிப் படிகத்திடம் கேட்டால் அது அந்த எண்ணை ஒப்புக்கொள்ளாது.

துத்தநாகத்தின் விசித்திரம் இன்னொன்று உண்டு. ரப்பரை இழுத்தால் குறுக்கே மெலியும், எல்லாப் பொருளும் அப்படித்தான் என்று நினைப்போம். துத்தநாகப் படிகத்தைத் தரைவாக்கில் இழுத்தால் அடுக்குகள் ஒன்றையொன்று நெருங்கி உயரம் நன்றாகச் சுருங்கும். ஆனால் அதே தரைக்குள் குறுக்கே அளந்தால் மெலிவதற்குப் பதில் சற்றே விரியும். குறுக்கே மெலியும் அளவைச் சொல்லும் பாய்ஸான் விகிதம் அங்கே சிறிய எதிர்மறை எண். விலகி நிற்கும் அடுக்குகள் இழுப்பின் பளு முழுவதையும் தாங்கிக்கொள்வதால், தரைக்கு மெலிய வேண்டிய தேவையே வருவதில்லை. சூடாக்கினாலும் இதே கதைதான். உயரவாக்கில் விரிவது தரைவாக்கில் விரிவதைப் போல ஏறத்தாழ 4 மடங்கு.

மக்னீசியம் இதற்கு நேர் எதிர். தரைவாக்கு ஏறத்தாழ 60, உயரவாக்கு ஏறத்தாழ 62 கிகா பாஸ்கல். இரு திசையிலும் ஒலி நொடிக்கு 5,850, 5,950 மீட்டர் என்று கிட்டத்தட்ட ஒன்றாக ஓடும். அறுகோணமாகப் பிறந்தும் அதைக் காட்டிக்கொள்ளாத உலோகம். டைட்டானியமும் சிர்கோனியமும் நடுவில் நிற்கின்றன. துத்தநாகத்துக்கு நேர்மாறாக இவற்றில் உயரவாக்குத்தான் விறைப்பு. சிர்கோனியத்தில் உயரவாக்கில் நொடிக்கு ஏறத்தாழ 5,030 மீட்டர், தரைவாக்கில் ஏறத்தாழ 4,690. ஏழு விழுக்காடு வித்தியாசம். சிறிதுதான். ஆனால் ஒரு தொழிலே இந்த ஏழு விழுக்காட்டின் மேல் நடக்கிறது. அந்தத் தொழிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பலருக்கும் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். தரைக்குள் ஆறு கை இருக்கிறதே, ஒரு கையின் வழியே ஒலி போவதற்கும் இரண்டு கைகளுக்கு நடுவே போவதற்கும் வேகம் மாறுமா? மாறாது. மீட்சியின் முதல் நிலைக் கணக்கில் அறுகோணத் தரை முழு வட்டமாகவே நடந்துகொள்கிறது. ஐந்து எண்களுக்குள் அந்த ஆறு எங்கும் ஒளிந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஆறு கை, ஒலிக்கு வட்டம். ஆறைக் காண வேண்டுமானால் அடுத்த நிலைக்குப் போக வேண்டும். அமுக்க அமுக்க விறைப்பே எவ்வளவு மாறுகிறது என்று கேட்கும் மூன்றாம் வரிசை மாறிலிகள் அவை. முழு வட்டச் சமச்சீருள்ள பொருளுக்கு இவை ஒன்பது, அறுகோணத்துக்குப் பத்து. கூடுதலாக வரும் அந்த ஒரே ஒரு எண்ணில்தான் படிகம் தன் ஆறு கையை ஒலிக்குக் காட்டுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஆர். சீனிவாசனும் ஆர். ராம்ஜி ராவும் 1971-ல் மக்னீசியம், துத்தநாகம், பெரிலியம் மூன்றுக்கும் படிக அணுக்களின் அதிர்வுக் கணக்கிலிருந்து இந்தப் பத்தையும் கணக்கிட்டு வெளியிட்டார்கள். இன்றைய கைபேசியின் ஆற்றலில் ஒரு துளிகூட இல்லாத கணினிகளின் காலம் அது.

இதே தடத்தில் பின்னாளில் பரவிய ஓர் எளிய வழியைப் பற்றி என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு அணுக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை மட்டும் பார்க்கும் ஒரு விசை வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, அகலத்தையும் உயர விகிதத்தையும் அதில் போட்டு, மீட்சி மாறிலி, ஒலி வேகம், ஒலித் தேய்வு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவிடும் வழி அது. அதன்படி உயரவாக்கு விறைப்புக்கும் தரைவாக்கு விறைப்புக்கும் உள்ள விகிதம், உயர விகிதத்தின் நான்காம் அடுக்காக ஏறும். மக்னீசியத்துக்கு இது ஏறக்குறைய 1 என்று தருகிறது, அளந்தால் 1.03. பிரமாதம். துத்தநாகத்துக்கு அதே கணக்கு 1.7 என்கிறது; அளந்தால் 0.39. வாய்பாடு விறைப்பு என்று சொல்லும் திசையில்தான் உண்மையான துத்தநாகம் தளர்ந்து கிடக்கிறது. டைட்டானியத்திலும் சிர்கோனியத்திலும் இதே தலைகீழ்: கணக்கு 1-க்குக் கீழே சொல்கிறது, அளவு 1-க்கு மேலே நிற்கிறது. காரணம் தெளிவு. உலோகத்தில் அணுக்களைப் பிடித்து வைத்திருப்பவை எல்லாருக்கும் பொதுவான எலக்ட்ரான்கள். பக்கத்து வீட்டோடு மட்டும் உறவு வைத்திருக்கும் கணக்கு ஊர்க்கூட்டத்துக்குப் பொருந்தாது. மக்னீசியத்துக்கு ஒத்துவந்தது என்பதற்காக அதை எல்லா அறுகோணக் கலவைகளுக்கும் நீட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பொருந்துகிற உலோகத்தை வைத்து மாதிரியை மெச்சுவதைவிட, பொருந்தாத உலோகத்தை வைத்து அதைச் சோதிப்பதுதான் ஆய்வு.

சரி, அளப்பது எப்படி? இங்கேயும் ராமன் வருகிறார், இந்த முறை பிடிவாதம் பலித்த ராமன். ஒலி அலை ஓடும் திரவத்தின் வழியே ஒளியை விட்டால் ஒளி பல கோடுகளாகப் பிரிவதை 1932-ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டார்கள். அது ஏன் என்று 1935-லும் அடுத்த ஆண்டிலும் பெங்களூரில் இருந்தபடி ராமனும் என். எஸ். நாகேந்திர நாத்தும் விளக்கினார்கள். கோடுகளுக்கிடையே உள்ள கோணத்திலிருந்து ஒலியின் அலைநீளமும், அதிலிருந்து வேகமும் கிடைத்துவிடும். ஆனால் உலோகத்துக்குள் ஒளி நுழையாது. அங்கே ஒலித்துடிப்பை ஒரு முகத்தில் தட்டி அனுப்பி, எதிர்முகத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்குக் காத்திருந்து நேரத்தை அளக்க வேண்டும். தனிப் படிகத்தை வளர்த்து, உயர அச்சுக்கு நேராகவும் செங்குத்தாகவும் சாய்வாகவும் முகங்கள் வெட்டி, நெட்டலையும் குறுக்கலையும் மாற்றி மாற்றி விட்டால் ஐந்து எண்களும் கைக்கு வரும். டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம் மூன்றுக்கும் இதை அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஃபிஷரும் ரென்கனும் 1964-ல் மிகக் குளிரிலிருந்து நல்ல சூடு வரை செய்தார்கள். இன்றும் எல்லாரும் எடுத்தாளும் எண்கள் அவை. சூடு ஏற ஏறச் சிர்கோனியத்தின் தரைக்குள் சறுக்கலை எதிர்க்கும் விறைப்பு வேகமாகத் தளர்வதை அவற்றில் காணலாம். ஏறத்தாழ 863 டிகிரியில் சிர்கோனியம் அறுகோணத்தைக் கைவிட்டுக் கனசதுரத்துக்கு மாறுகிறது. அந்த மாற்றம் வரப்போவதை ஒலி முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறது.

திருமங்கலத்தைத் தாண்டும் மதுரை–விருதுநகர் தண்டவாளத்தில், சிறு தள்ளுவண்டியில் தண்ணீர்க் கேனும் திரையும் வைத்துக்கொண்டு ரயில்வே ஊழியர்கள் மெல்ல நடந்துபோவதைப் பார்த்திருக்கலாம். அதுவும் மீயொலிதான். நேராக ஒன்று, 70 டிகிரி சாய்வில் முன்னும் பின்னும் என்று துடிப்புகளை அனுப்பித் தண்டவாளத்தின் உள்விரிசலைத் தேடுகிறார்கள். அவர்களுக்குத் திசைத் தொல்லை பெரிதாக இல்லை. எஃகில் பொடிப்பொடிப் படிகங்கள் கலைந்து கிடப்பதால் நொடிக்கு 5,900 மீட்டர் என்ற ஒரே வேகத்தை வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். அறுகோண உலோகத்தில் இந்தச் சலுகை கிடையாது. ஏன் என்று பார்க்க, திருமங்கலத்திலிருந்து நான்குவழிச் சாலையில் தெற்கே போக வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதே கறுத்த மணலில் டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட்டும் சிர்கோனியத்தின் தாதுவான சிர்கானும் இருக்கின்றன. கடலுக்கு அப்பால் இலங்கையின் புல்மோட்டையிலும் இதே குடும்பத்து மணல். தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயலில், அணுசக்தித் துறையின் சிர்கோனிய வளாகம் சிர்கானைப் பிரித்து உலோகமாக்குகிறது. சிர்கோனியத்தோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் ஹாஃப்னியத்தைப் பிரிப்பதுதான் அங்கே பெரும்பாடு. இரண்டும் வேதியியலில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. குணத்தில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். சிர்கோனியம் நியூட்ரானை ஏறக்குறைய தொடாமல் விடும். ஹாஃப்னியம் அதைவிட 500 மடங்குக்கும் மேல் விழுங்கும். பிரித்தபின் குளோரைடாக்கி, உருகிய மக்னீசியத்தால் ஒடுக்கினால் சாம்பல் நிறத்தில் துளைதுளையாகச் 'சிர்கோனியப் பஞ்சு' கிடைக்கும். குரோல் முறை என்று இதற்குப் பெயர். ஓர் அறுகோண உலோகத்தைப் பெற இன்னோர் அறுகோண உலோகத்தைக் கொடுக்கும் பண்டமாற்று. கேரளத்தின் சவறாவில் 2011-ல் தொடங்கிய டைட்டானியப் பஞ்சு ஆலையும் இதே வழியில்தான் நடக்கிறது.

பழையகாயலில் உருவாகும் பஞ்சுக்குத் திசை என்று ஒன்றும் கிடையாது. படிகங்கள் மனம்போன போக்கில் கிடக்கும். ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் அதைக் கலவை சேர்த்து அழுத்தி, வெற்றிடத்தில் உருக்கி, சூட்டோடு அச்சில் பிதுக்கிக் குழாயாக்கும்போதுதான் திசை பிறக்கிறது. அறுகோணப் படிகத்துக்கு வழுக்க வசதியான தளங்கள் குறைவு. நெருக்கினால் அது தன்னைத் திருப்பிக்கொண்டுதான் இடம்கொடுக்கும். கோடிக்கணக்கான படிகங்கள் ஒரே நெருக்கலில் ஒரே பக்கம் திரும்பினால் குழாய்க்கே ஒரு திசை வந்துவிடுகிறது. இதற்குப் படிக இழைமை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். எரிபொருளை மூடும் மெல்லிய குழாய்களில் உயர அச்சுகள் பெரும்பாலும் குழாயின் ஆரத்தை ஒட்டிச் சாய்ந்து நிற்கும். கனநீர் உலைகளின் அழுத்தக் குழாய்களில் அவை குழாயைச் சுற்றிவரும் திசையில் படுத்துக்கொள்ளும். (கூடங்குளத்தின் எரிபொருள் குழாய்களும் சிர்கோனியம்–நியோபியம் கலவைதான், ஆனால் அந்த எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருவது.)

திசை ஏன் முக்கியம்? சூடான நீரோடு ஆண்டுக்கணக்கில் பழகும் சிர்கோனியம் மெல்ல ஹைட்ரஜனை உறிஞ்சுகிறது. ஓர் அளவுக்கு மேல் போனால் ஹைட்ரைடு என்ற நொறுங்கும் பொருள் மெல்லிய தகடுகளாகப் பிரிந்து நிற்கும். அந்தத் தகடுகள் குழாய்ச் சுவரோடு சேர்ந்து சுற்றுவாக்கில் படுத்திருந்தால் பெரிய ஆபத்தில்லை. சுவரைக் குறுக்கே வெட்டுவது போல ஆரவாக்கில் நிமிர்ந்து நின்றால் விரிசலுக்கு ஆயத்த வழி. அவை எப்படி நிற்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை படிக இழைமையும், மேலே இருக்கும் தகைவும்.

1983 ஆகஸ்ட் 1 அன்று கனடாவின் பிக்கரிங் அணுமின் நிலையத்து இரண்டாம் உலையில் ஓர் அழுத்தக் குழாய் ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. உள்ளே சூடான அழுத்தக் குழாய், வெளியே குளிர்ந்த இன்னொரு குழாய், இரண்டும் தொடாமல் இருக்க இடையில் சுருள் வளையங்கள். வளையங்கள் நகர்ந்துபோனதால் உள்குழாய் தொய்ந்து வெளிக்குழாயைத் தொட்டுவிட்டது. சிர்கோனியத்துக்குள் ஹைட்ரஜன் எப்போதும் குளிர்ந்த இடம் தேடிப் போகும். தொட்ட இடத்தில் குவிந்து கொப்புளமாகி வெடித்தது. அந்தக் குழாய் சிர்கலாய்–2 என்ற கலவை. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் 1984-லும் 1986-லும் வணிக மின்னுற்பத்தியைத் தொடங்கிய இரண்டு உலைகளிலும் அதே கலவைதான் இருந்தது. 2000-களின் முற்பாதியில் இரண்டையும் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 306 குழாய்களையும் எடுத்துவிட்டு, 2.5 விழுக்காடு நியோபியம் கலந்த சிர்கோனியக் குழாய்களைப் பொருத்தினார்கள். உலையின் இதயத்தையே மாற்றிய வேலை என்பது மிகையில்லை.

ஓடும் காலத்தில் குழாய்களைச் சோதிக்க பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பார்சிஸ்' என்ற கருவியை உருவாக்கியது. உலையை நிறுத்தி வைத்திருக்கும்போது குழாய்க்குள் புகுந்து மீயொலியால் சுவரின் கனத்தையும் விரிசலையும் பார்க்கும். அங்கேதான் முன்னே சொன்ன ஏழு விழுக்காடு வந்து நிற்கிறது. சுவரின் கனம் ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர். எதிரொலி நேரத்தில் பாதியை வேகத்தால் பெருக்கிக் கனம் சொல்ல வேண்டும். எந்த வேகத்தால்? புத்தகச் சராசரியையா, இந்தக் குழாயின் படிகங்கள் திரும்பி நிற்கும் திசைக்குரிய வேகத்தையா? வேகத்தில் இரண்டு விழுக்காடு தவறினாலே கனத்தில் 0.07 மில்லிமீட்டர் தவறும். ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது என்று பார்க்க வந்த இடத்தில் அது சிறு பிழை இல்லை. இதையே திருப்பிப் போட்டால் லாபம். கனத்தை வேறு வழியில் அளந்துவிட்டு ஒலி வேகத்தை எடுத்தால், உள்ளே படிகங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதை வெட்டாமலே சொல்லிவிடலாம்.

மீயொலியை இப்படித் திருப்பிப் போட்டுப் படிக்கும் கலைக்குத் தமிழ்நாட்டில் ஓர் ஊர் உண்டு: கல்பாக்கம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் சிதைவிலாச் சோதனைப் பிரிவில் பல்தேவ் ராஜ், டி. ஜெயகுமார், எம். தவசிமுத்து போன்றவர்கள் ஒரு தலைமுறையையே உருவாக்கினார்கள். இந்த மூவரும் எழுதிய செய்முறைப் புத்தகம் இத்துறைக்கு வரும் மாணவர் கையில் இன்றும் இருக்கும். 2003-ல் அந்தக் குழு பல பொருள்களின் தரவைச் சேர்த்துவைத்து, திசை கலைந்த பொருள்களில் குறுக்கலை வேகம் ஏறினால் பாய்ஸான் விகிதம் இறங்கும் என்ற தொடர்பைக் காட்டியது. டைட்டானியக் கலவைகளைச் சூடேற்றிக் குளிர்வித்தால் உள்ளே அறுகோணப் பகுதி எவ்வளவு, கனசதுரப் பகுதி எவ்வளவு என்பதை ஒலி வேகத்தில் படித்தார்கள்.

இதே குழுவினர் கல்பாக்கத்து உலோகத்தோடு நின்றுவிடவில்லை. ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைச் சோதித்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். மதுரைக்காரர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் வடக்குக் கோபுரத்தருகே இருக்கும் இசைத் தூண்கள் நினைவுக்கு வரும். தூண் உள்ளே கூடாக இருப்பதால்தான் இசைக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. ஹம்பியில் மீயொலியை விட்டுப் பார்த்தபோது தூண்கள் கெட்டியாகத்தான் இருந்தன. தட்டினால் கம்பி போல வளைந்து அதிர்வதே அந்த ஓசை. மதுரைத் தூண்களை யாராவது இப்படி அளந்தால் நன்றாயிருக்கும்.

ஒலியின் வேகத்தைப் பற்றியே பேசிவிட்டேன். அது தேய்வதும் ஒரு செய்தி. படிகத்துக்குப் படிகம் திசை மாறினால், ஒலி ஒவ்வோர் எல்லையிலும் சிறிது சிதறும். அலைநீளத்தைவிடப் படிகம் மிகச் சிறிதாக இருக்கும்வரை, இந்தச் சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்காகவும் படிக அகலத்தின் மூன்றாம் அடுக்காகவும் ஏறும். படிகம் இரட்டிப்பானால் சிதறல் எட்டு மடங்கு. திசை வேற்றுமை குறைந்த மக்னீசியத்தில் இது அமைதி. துத்தநாகத்தில் இரைச்சல். டைட்டானியத்தில் தனிப் படிகம் சிறிதாக இருந்தாலும், ஒரே பக்கம் திரும்பிய படிகங்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பெரிய படிகம் போல ஒலியைச் சிதறடிக்கும். உள்ளே இருக்கும் உண்மையான குறை அந்த இரைச்சலில் மறைந்துபோகும். 1989 ஜூலை 19-ல் அமெரிக்காவில் ஒரு டிசி–10 விமானத்தின் வால்பக்க எஞ்சினில் டைட்டானிய விசிறித் தட்டு பறக்கும்போதே சிதறியது. சூ சிட்டியில் அவசரமாக இறங்கியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உருக்கிய காலத்திலேயே நைட்ரஜன் ஏறி இறுகிப்போன ஒரு பொட்டு அந்தத் தட்டில் இருந்தது. தட்டு செய்த காலத்தில் மீயொலிச் சோதனையும் நடந்திருந்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் டைட்டானிய உருளைகளின் இரைச்சலுக்குள் குறையைப் பிரித்தறியும் ஆராய்ச்சிக்கு வேகம் வந்தது.

உசிலம்பட்டி சாலைக் கடைக்குத் திரும்புகிறேன். தகட்டின் பூச்சு ஒரு பக்கத்துக்கு நூறில் இரண்டு மில்லிமீட்டர் அளவு. துத்தநாகத்தில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம், உயரவாக்கில் எடுத்தால், 0.6 மில்லிமீட்டர். பூச்சைப் போல முப்பது மடங்கு. வழக்கமான மீயொலிக் கருவிக்கு இந்தப் பூ இருப்பதே தெரியாது. அதைக் கேட்க நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் வேண்டும். பூச்சின் கனத்தைக் காந்தக் கருவியால் அளந்துவிடலாம். ஒலிக்கு வட்டமாகத் தெரிகிற ஆறு கையை இந்தத் தகட்டில் ஒலி தொடவே முடியாது. வெயிலில் சாய்த்துப் பிடித்த கண்ணுக்கு அது தெரிகிறது.

கடைக்காரர் தகட்டை என் கையிலிருந்து வாங்கி விளிம்பில் பிடித்துக்கொண்டு விரலால் சுண்டினார். தகடு வளைந்து அதிர்ந்து நீளமாக ஒலித்தது. அந்த ஓசை முழுவதும் அடியிலிருக்கும் இரும்பின் ஓசை.

"சத்தத்தக் கேட்டீங்களாண்ணே, கனமான ஷீட்டு. பூவ விடுங்க" என்றார்.